பஞ்சு மேல நடக்கற மாதிரி

என் வீட்டுக்காரரின் இடது காலில் ஒரு ஷூ, வலது காலில் வேறொரு ஷூ. சேலத்தில் ஓட்டக்காரர்களுக்கென்றே இருக்கிற ஒரு கடையின் நடுவில், பச்சை விரிப்பின் மேல், அப்படி நின்றுகொண்டிருந்தார். இடது ஆரஞ்சு நிறம், வலது வெள்ளை. இரண்டுக்கும் அடியில் நாலு விரல் கனத்துக்கு மெத்தை. ஆள் வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தார். ஒன்றிய ஆபீசில் ஓவர்சியராக இருக்கிற மனிதர், ஊரில் போடுகிற சிமெண்ட் ரோட்டையெல்லாம் தட்டிப் பார்த்து குறை சொல்கிற மனிதர், கடைப் பெண் சொன்னபடி கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பூங்குழலி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் பொறுமைசாலி. "இப்பச் சொல்லுங்க சார், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள்.

"ரெண்டும் நல்லாருக்குதுங்க."

"நல்லாத்தான் சார் இருக்கும். எது எப்படி இருக்கு? ஒண்ணு மெத்துனு அமுங்கும், ரொம்ப தூரம் ஓடறதுக்கு. இன்னொண்ணுல உள்ள ஒரு தகடு இருக்கு, காலை எடுத்து எடுத்து முன்னாடி தள்ளும், வேகமா ஓடறதுக்கு. போட்ட உடனே எல்லாரும் சொல்லிருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டம், வாரத்தின் நடுவில் வேக ஓட்டம், இரண்டுக்கும் தாங்குகிற மாதிரி ஒரே ஜோடி வேண்டும் என்பது இவருடைய திட்டம். இதற்காக வாரக்கணக்கில் செல்போனில் வீடியோ பார்த்தார். எந்த மெத்தை சீக்கிரம் தட்டையாகிவிடும், எது இறக்கத்தில் முட்டியைக் காப்பாற்றும், எது மழையில் வழுக்கும் என்று சோற்றில் கை வைத்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இதில் கால்வாசிகூட விசாரித்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர் இப்போது பதில் தெரியாத பையன் மாதிரி இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடி வரை போனார். ஒரு குதி குதித்துப் பார்த்தார்.

"ஒரே மாதிரிதானுங்க இருக்குது. பஞ்சு மேல நடக்கற மாதிரி."

"அதேதான் சார் வேணும்!" என்று பூங்குழலி கைதட்டாத குறையாகச் சிரித்தாள்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

நாங்கள் குடியிருக்கிற மலைமேல் அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை வாங்க வருகிற நாளில், ரத்தம் எடுத்து முடித்த பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். கால் மரத்துப்போகுதா என்று கேட்டால் மலைக்காரர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். மரத்துப்போவது என்றால் அவர்களுக்குக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து எழுந்தால் வருகிற குறுகுறுப்பு. அதனால் வேறு மாதிரி கேட்கப் பழகிக்கொண்டேன். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குதுங்களா?" என்பேன். "ஆமாங்க, அப்படியேதானுங்க! உங்களுக்கெப்படித் தெரியும்?" என்று யாராவது கண்ணை விரித்துச் சொன்னால், முகத்தில் எதையும் காட்டாமல் டாக்டரிடம் அனுப்பிவைப்பேன். நரம்பு செத்துக்கொண்டிருக்கிற காலுக்குத் தரை பஞ்சாகத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு.

"எனக்கும் அதே ரெண்டையும் என் அளவுல குடும்மா," என்று கேட்டேன். இவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கு ஓட்டமும் தெரியாது, ஷூவும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ரப்பர் செருப்புதான். போட்டுக்கொண்டு இரண்டு எட்டு வைத்தேன். இடது கால் சேற்றுக்குள் போவது போல இறங்கியது. வலது கால் என்னைக் கேட்காமலே எகிறியது. நொண்டி நடப்பது மாதிரி ஆகிவிட்டது எனக்கு. "இது அமுங்குது, இது தள்ளுது," என்றேன்.

"கரெக்ட் அக்கா!"

"நீதான் ஓட வேண்டியவ," என்று இவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். 

கடைசியில் அந்தப் பெண் மூன்றாவதாக ஒரு நீல ஜோடியைக் கொண்டுவந்தாள். மெத்தையும் உண்டு, தள்ளலும் உண்டு, இரண்டு வகை ஓட்டத்துக்கும் ஆகும் என்றாள். இவர் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு நம்பர் சின்னது குடுங்க. கால்ல இருக்கறதே தெரியல," என்றார். பெருவிரலுக்கு முன்னால் இடம் வேண்டும், இறக்கத்தில் ஓடும்போது நகம் கறுத்துப்போகும் என்று அவள் மறுத்தாள். இவர் விடவில்லை. "இறுக்கமா இருந்தாத்தானுங்க போட்டிருக்கறதே தெரியுது," என்றார். இதையும் நான் கேட்டிருக்கிறேன். செருப்பு காலில் நிற்கவில்லை என்று சொல்லிச் சின்ன அளவில் வாங்கிப் போட்டு, வார் அறுத்துப் புண்ணாகி வருகிறவர்கள் சொல்வது இதுதான். "அந்தப் புள்ள சொல்றதைக் கேளுங்க," என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. இவர் பெரிய அளவையே வாங்கிக்கொண்டார். பழைய ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டு, புதுசைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்.

ராசிபுரம் தாண்டி, காரவள்ளி தாண்டி, பஸ் மலை வளைவுகளில் ஏறத் தொடங்கியது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டே வந்தார். தை மாதம் திருச்சியில் மாரத்தான். போன தடவை பாதித் தூரம், இந்தத் தடவை முழுத் தூரம். எத்தனை மணி நேரத்தில் முடிப்பார், எங்கே தண்ணீர் குடிப்பார், எங்கே வேகத்தைக் கூட்டுவார் என்று கணக்கு ஓடியது. நான் ம் கொட்டிக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் எல்லாருடைய காலும் தரையைத் தேடி ஊன்றியது. அவருடைய கால் மட்டும் சும்மா இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அது பிரமையாகவும் இருக்கலாம். பயம் வந்துவிட்டால் பார்க்கிறதெல்லாம் அறிகுறிதான்.

திருப்புலி நாட்டுச் செல்லமுத்து ஞாபகத்துக்கு வந்தார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்பார்கள். மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர், பேச்சுக்காரர். மார்கழிக் குளிரில் அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அடுப்பில் குச்சிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய மனைவி சின்னாயி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "கெழங்கு தீயுதுன்னுதானுங்க நெனச்சேன். குச்சியில தள்ளித் தள்ளி விடறேன், வாசம் போகவே மாட்டேங்குது. அப்புறம் பாத்தா அவரு காலு கங்குல கெடக்குதுங்க. அவரு சோறு போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கறாரு." கணுக்காலுக்கு மேல் எடுக்க வேண்டியதாகிவிட்டது. செல்லமுத்து இப்போதும் மாத்திரை வாங்க வருகிறார், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு. அவர் வந்தால் நான் ஏதாவது வேலை இருப்பது போல உள்ளே போய்விடுவேன்.

வீட்டிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு இவர் ஏன் ஒரு நாளும் காலைக் காட்டவில்லை என்று கேட்கலாம். கேட்டிருக்கிறேன். "ஊட்டுலயும் ஆஸ்பத்திரி வேண்டாம் மதி," என்பார். ராசிபுரத்தில் ஒரு டாக்டரிடம் போய் வருகிறார். அங்கேயும் சாக்ஸ் நாறுகிறது என்று கூச்சப்பட்டுக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிற ஆள்தான். சர்க்கரை என்று தெரிந்த வருஷம் மனிதர் உடைந்துபோயிருந்தார். ஆபீஸ் விட்டு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகுதான் கருப்பண்ணன் என்கிற மலைக்காரன் ஒருவனோடு ஓட ஆரம்பித்தார். தொப்பை போனது, சர்க்கரை இறங்கியது, மாத்திரை பாதியானது. டாக்டரே மற்ற நோயாளிகளிடம் இவரைக் கைகாட்டிப் பேசுகிறாராம். பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறார் இப்போது. ஓட்டம்தான் அவருக்கு மருந்து, சந்தோஷம், எல்லாமும். காலில் உணர்ச்சி போய்விட்டது என்று தெரிந்தால் எந்த டாக்டரும் முதலில் சொல்வது ஓடாதே என்பதைத்தான். ஓடாமல் உட்கார்ந்தால் சர்க்கரை ஏறும். ஏறினால் கால் இன்னும் போகும். அந்த முதல் வார்த்தை என் வாயிலிருந்துதான் வர வேண்டுமா?

அதனால் நான் சோதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்காத வரைக்கும் பதில் இல்லை என்கிற தைரியம். தினமும் அடுத்தவர் காலைப் பிடித்துப் பார்க்கிற எனக்கு, படுக்கையில் பக்கத்தில் கிடக்கிற காலைத் தொடப் பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெந்நீரை ஊற்றும்போது பார்த்தேன். வாசலில் செருப்பு விடும்போது பார்த்தேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். இன்னொன்று வெளியே சேற்றில் சிக்கிக் கிடந்தது. தெரியாமல் தெருவைத் தாண்டி வந்திருந்தார். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். 

அந்த ஞாயிற்றுக்கிழமை புது ஷூவுக்கு முதல் நெடுந்தூர ஓட்டம். செம்மேட்டிலிருந்து கிளம்பி, தேவனூர் நாட்டு வழியாகச் சுற்றி, வாசலூர்பட்டி ஏரியில் முடிவது. தண்ணீரும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் நானும் வருகிறேன் என்றேன். இவருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் வந்ததில்லை.

விடிந்து பனி கலையாத நேரம். கருப்பண்ணன் ரோட்டோரம் காத்திருந்தான். தேவனூர் நாட்டுக்காரன், சொந்த ஜீப் ஓட்டுகிறவன், இவரைவிடப் பத்து வயசு இளையவன். மலையில் எங்கே பந்தயம் வைத்தாலும் முதல் பரிசு அவனுக்குத்தான் என்பார்கள். புது ஷூவைத் தொட்டுப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, "தலகாணி மாதிரி இருக்குதுங்கண்ணா," என்றான். இருவரும் பேசிக்கொண்டே ஓட ஆரம்பித்தார்கள். நான் பின்னால் மெதுவாகப் போனேன். காபித் தோட்டத்துக்கு நடுவில் புகை மாதிரி பனி. அவருடைய நீல ஷூ ஏறி இறங்குவதைத் தவிர எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒழுங்காகத்தான் ஓடினார். ஒரு தடவைகூடக் கால் மடங்கவில்லை, இடறவில்லை. நானே நோயை உண்டாக்குகிறேனோ என்று கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

தார் ரோடு முடிந்து மண்பாதை. அதன் நடுவில் பெரியசாமி சோலை, மலைக்காரர்களின் சாமிக்காடு. வெட்டக் கூடாத மரங்கள், விறகு பொறுக்கக் கூடாத தரை. சோலை எல்லை தொடங்குகிற இடத்தில் வரிசையாக நாலைந்து கல் கிடக்கும். அங்கிருந்து எதிர்ப்பக்கத்துக் கல் வரைக்கும் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கலெக்டரே வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியானால் என்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கருப்பண்ணனும் இவரும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் செருப்பை ஸ்கூட்டியில் வைத்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தேன்.

உள்ளே இருட்டும் ஈரமும். மழைக்கு உதிர்ந்த சருகுக்கு அடியில் கல் எங்கே, முள் எங்கே என்று தெரியாது. நான் ஒவ்வொரு எட்டுக்கும் முகம் சுளித்தேன். மலையிலேயே பிறந்த கருப்பண்ணனும் "ஸ்... யப்பா..." என்று நொண்டி நொண்டிப் போனான். ஷூ போட்டுப் பழகி உள்ளங்கால் இளகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டான். இவர் மட்டும் நிமிர்ந்த தலையோடு, கை வீசிக்கொண்டு, கடைவீதியில் நடப்பது மாதிரி நடந்தார்.

கருப்பண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: "பாத்தீங்களாக்கா? அண்ணனை சாமி ஏத்துக்கிச்சுங்க."

"என்னது?"

"சோலையில கால் கூசாம நடக்கறவங்களைப் பெரியசாமி தன் கையில தாங்கிக்குதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கக்கா. எங்க பெரியவங்களே நொண்டித்தான் போவாங்க. போன வருஷம் வரைக்கும் அண்ணனும் எங்களாட்டம் துள்ளித் துள்ளித்தான் வருவாரு. இப்பப் பாருங்க. அதனாலதானுங்க இந்தப் பங்குனிக்குப் பொங்கப்பானையை அண்ணன் கையில குடுத்தாங்க. வெளியூர் ஆளுக்கு எங்க சாமி பானை குடுத்ததே இல்லீங்க."

பொங்கல் பானை தூக்கினேன் என்று இவர் வீட்டுக்கு வந்து சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. முகமெல்லாம் மஞ்சள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை. ஊருக்கு ரோடு போட்டுக் கொடுத்ததற்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் வரைக்கும் துள்ளினார் என்று கருப்பண்ணன் சொன்னது காதுக்குள் நின்றது. ஒரு வருஷமாக ஒரு ஊரே சேர்ந்து என் புருஷனின் செத்துப்போகிற காலைக் கும்பிட்டிருக்கிறது. பெரியசாமி மன்னிக்கட்டும், அந்த நிமிஷம் சாமி மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கல்லுக்கு நான் வருவதற்குள் அவர்கள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்தக் கல்லிலிருந்து ஏரி வரைக்கும் வேக ஓட்டம் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தார்கள். மண்பாதை தார் ரோட்டில் சேர்கிற இடத்தில் நீல ஷூ ஒரு தடவை மின்னி மறைந்தது. செருப்பைப் போடக் குனிந்தேன். அவர்கள் உட்கார்ந்து எழுந்த கல்லுக்குக் கீழே, காலை ஊன்றும் இடத்தில், ஈரமாக, சிவப்பாக ஒரு தடம். விரலால் தொட்டேன். ரத்தம்தான்.

இது கருப்பண்ணனுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு அடிபட்டிருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அப்படியும் ஒரு பயம் இருக்கிறது. வெட்கப்பட அப்போது நேரமில்லை.

வண்டி இரண்டு தடவை அடைத்துக்கொண்டு பிறகு கிளம்பியது. தார் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் கருப்பண்ணன் மைல்கல்லில் உட்கார்ந்திருந்தான். ஒரு ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பி வைத்து நகத்தால் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தான்.

"முள்ளு நெருடுச்சுங்கக்கா, ஓட முடியல. நீங்க போங்க, அண்ணன் பறந்துட்டாரு."

"ரத்தம் வந்துச்சா கருப்பண்ணா?"

"இல்லீங்க, மேல் தோலுதான். இத்துனூண்டு." விரல் நுனியில் வைத்துக் காட்டினான். கண்ணுக்குத் தெரியாத அளவு முள்.

அதற்கு மேல் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. ஏரிக்குப் போகிற சுற்றுலா வேன்கள் இரண்டைத் தாண்டினேன். அடுத்த திருப்பத்தில் அவர் தெரிந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. தோள் ஆடாமல், மூச்சு வாங்காமல், கால்கள் தரையில் படுவதும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். வேனிலிருந்து பிள்ளைகள் கை அசைத்தன. ஒவ்வொரு தடவை அந்தக் கால் இறங்கும்போதும் என் பல் கூசியது.

பக்கத்தில் போய், "நில்லுங்க," என்றேன்.

"இப்பத்தான் மதி சூடு புடிக்குது."

"கால்ல முள்ளு இருக்குதுங்க. நில்லுங்க."

"எந்தக் கால்ல? அதெல்லாம் ஒண்ணுமில்ல." ஓடிக்கொண்டே குனிந்து பார்த்துச் சிரித்தார். "என்ன ஷூ மதி இது! தரையே தெரியல போ. ஏரி வரைக்கும் போயிர்றேன், நேரம் பாத்துக்கிட்டிருக்கறேன்ல."

"ஏனுங்க, சாமி சத்தியமாச் சொல்றேன், நில்லுங்க!"

வேகத்தைக் கூட்டினார். நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்தாரா, பெண்டாட்டி பேச்சை ஓட்டத்தில்கூடக் கேட்க வேண்டுமா என்று நினைத்தாரா, தெரியாது. பிடித்து நிறுத்த வேறு வழி இல்லை. முன்னால் போய் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. இவர் என் மேல் மோதாத குறையாக வந்து நின்றார்.

"பைத்தியமா உனக்கு?" இவ்வளவு கோபமாக அவர் என்னிடம் பேசியதில்லை. "எல்லாக் கணக்கும் போச்சு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரைப் புல்லில் உட்காரவைத்தேன். படகுத் துறை பக்கத்தில்தான். டிக்கெட் வாங்க நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வலது கால் ஷூ நாடாவை அவிழ்த்தேன். ஷூ சுலபத்தில் கழன்று வரவில்லை. வந்தபோது உள்ளே இருந்த வெள்ளைப் பட்டை பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது. சாக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. உரித்து எடுத்தேன். முன்பாதத்தின் சதையில் காரைமுள் ஒன்று, ஆணி அடித்த மாதிரி, அடிவரைக்கும் இறங்கி ஒடிந்திருந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். கோபம் போய், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி ஒரு ஆச்சரியம்.

"அட. இது எப்ப?"

கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். ஊசியில்லை, இடுக்கியில்லை. இரண்டு நகத்துக்கும் நடுவில் முள்ளின் முனையைப் பிடித்து, பிதுக்கி, இழுத்தேன். வழுக்கியது. மறுபடியும் சதையை அழுத்தி இழுத்தேன். ஆஸ்பத்திரியில் இதற்கு ஆட்கள் கூரை அதிரக் கத்துவார்கள். திட்டுங்க, உதறுங்க, ஒரு எத்தாவது எத்துங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்த கருப்பண்ணனிடம், நீ இல்லாமலே நல்ல வேகம் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முள் முழுசாக வந்தது. பின்னாலேயே கறுப்பாக ரத்தம் வந்தது.

"பாத்தியா கருப்பண்ணா," என்றார் பெருமையாக. "அந்தப் புள்ள பொய் சொல்லல. மெத்தைன்னா இதுதான் மெத்தை. இவ்வளவு பெரிய முள்ளு, இருக்கறதே தெரியல பாரு."

"முள்ளு மெத்தைக்கு மேலதானுங்க இருந்துச்சு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"உங்க காலுக்கும் மெத்தைக்கும் நடுவுல."

ஷூவைக் கையில் எடுத்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். அடியைத் திருப்பிப் பார்த்தார். கல் மண் ஒட்டியிருந்ததே தவிர ஒரு பொத்தல் இல்லை. ஓவர்சியர் அல்லவா, எங்கே விரிசல் என்று தேடுகிற மாதிரி வெகுநேரம் தேடினார். 

"குளிர்ல மரத்திருக்கும்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "வெயில் வந்தா சரியாயிரும். அந்தக் கால் நல்லாத்தான இருக்குது?"

அந்தக் காலின் ஷூவையும் கழற்றினேன். சாக்ஸை உருவினேன். முள் இல்லை, ரத்தம் இல்லை. வெள்ளையாக, சுத்தமாக, நல்ல கால். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பொது இடத்தில் இப்படிச் செய்தால் கூச்சப்பட்டு இழுத்துக்கொள்கிற ஆள் சும்மா இருந்தார்.

"கண்ணை மூடுங்க," என்றேன். "உங்க விரலை நான் தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இதென்ன சின்னப்புள்ள வெளையாட்டு?" என்றார். ஆனால் மூடிக்கொண்டார். வேர்வையில் இமை மயிர் ஒட்டியிருந்தது. முகத்தை என் பக்கமாகக் கொஞ்சம் நீட்டி, காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார். சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. ஏரியில் ஒரு மிதி படகு கிளம்பியது. அதிலிருந்த பெண்ணொருத்தி பயத்தில் வீறிட்டுக் கத்திவிட்டு, பிறகு சிரித்தாள்.

ஆள்காட்டி விரலை அவருடைய பெருவிரலின் நுனியில் வைத்தேன். மெதுவாக, பூ மேல் வைக்கிற மாதிரி. அவர் முகம் மாறவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். என் நகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற கருப்பண்ணன் என் விரலைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடி என் விரலைப் பார்த்தான். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ம், தொடு மதி," என்றார். கண்ணை இறுக்கி மூடியபடியே, லேசாகச் சிரித்துக்கொண்டு, காத்திருந்தார்.